நோயுற்ற ஆக்சலாட்டலுக்கு முதல் மருந்து

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

விலங்கியல் பயிலும் நண்பர்கள் 'ஆக்சலாட்டல் லார்வா' என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். தலைப்பிரட்டை தவளையாக மாறுவது போல் உருமாறாமல், இளம்பருவத் தோற்றத்துடனேயே முட்டையிட்டு இனம் பெருக்கும் வியத்தகு உயிர் அது. இப்பண்பையே நியோட்டெனி என்கிறோம். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் இவ்வுயிர் நோயுற்றால் என்ன செய்வார்கள் என்று தேடிப் படித்தபோது, வினாத்தாளில் வராத பாடம் ஒன்று எனக்குக் கிடைத்தது. அதை உங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஆக்சலாட்டலின் தாயகம் மெக்சிகோ நகரின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும் ஆகும். 1864-ஆம் ஆண்டில் 34 ஆக்சலாட்டல்கள் பாரிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் வாழ்பவற்றுள் பல அவற்றின் வழிவந்தவையே. காலை இழந்தால் எலும்பு, தசை, நரம்பு அனைத்துடனும் புதிய கால் முளைக்கும். தண்டுவடத்தையும் இதயத்தின் பகுதியையும்கூட இது புதுப்பித்துக்கொள்ளும். இத்தகைய உயிருக்கு நோய் வருமா என்று கேட்கலாம். வரும். வெட்டுண்ட காலை மீட்கும் ஆக்சலாட்டல், கெட்ட தண்ணீரின் முன் தோற்றுவிடுகிறது.

காரணம் எளிது. இதன் தலையின் இருபுறமும் மும்மூன்றாக இறகு போன்ற ஆறு செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. செவுளோடு தோலாலும் நுரையீரலாலும் இது சுவாசிக்கிறது. எனவே நீரில் கலந்துள்ள நஞ்சு நேரே உடலைத் தாக்கும். இதன் கழிவிலிருந்தும் அழுகிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் கொடிய நஞ்சு. தொட்டியில் அவை அறவே இருத்தல் கூடாது. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன் விலங்கை உள்ளே விடுவதே பல நோய்களுக்கு வித்து. வெப்பமும் பகையே. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இதற்கு ஏற்றது. 24 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. அம்மோனியாவின் நச்சுத்தன்மையோ கூடுகிறது.

நோயின் அறிகுறிகள் யாவை? உணவை மறுத்தல், செவுள்கள் முன்நோக்கி வளைதல், வால்நுனி சுருளுதல், செவுளிலோ தோலிலோ பஞ்சு ஒட்டியது போன்ற வெண்பூஞ்சை படர்தல் ஆகியன. வயிறு உப்பி மிதப்பதும் உண்டு. இது இரையை வாயால் உறிஞ்சி விழுங்குவதால், தொட்டியில் கூழாங்கற்கள் இருந்தால் அவையும் உள்ளே சென்று குடலை அடைத்துவிடும்.

என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆனால் வீட்டில் ஆடு சுணங்கினால், என் தாயார் மருந்தைத் தேடுமுன் அது தின்ற தழையையும் குடித்த தண்ணீரையும்தான் பார்ப்பார். ஆக்சலாட்டலை வளர்ப்போர் கையாளும் முறையும் அதுவேயெனக் கண்டு வியந்தேன்.

முதலில் தொட்டி நீரைச் சோதிக்கிறார்கள். பின்னர் நோயுற்றதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, குளிர்ச்சியான, குளோரின் நீக்கிய நீரில் நிழலான இடத்தில் வைக்கிறார்கள். குளோரினை நீக்கப் பயன்படுவது, வேதியியல் ஆய்வகத்தில் நமக்குப் பழக்கமான ஹைப்போ எனும் சோடியம் தயோசல்பேட்டே! டப்பாவின் நீரை நாள்தோறும் முழுமையாக மாற்ற வேண்டும். புதுநீரும் பழைய நீரின் வெப்பநிலையிலேயே இருத்தல் வேண்டும். மண்புழுவைத் துண்டாக்கிக் கொடுக்கலாம். தின்னாவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். வளர்ந்த ஆக்சலாட்டல் சில நாள் பட்டினியைத் தாங்கும். அழுகிய உணவு கெடுத்த நீரைத் தாங்காது.

பூஞ்சைக்கு உப்புக் குளியல் உண்டு. ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்து, அதில் பத்து நிமிடம் விட்டு எடுக்கிறார்கள். பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் தோலும் செவுளும் புண்ணாகும். மீன்களுக்கென விற்கும் மருந்துகளை அப்படியே ஊற்றுதல் கூடாது. மெல்லிய தோல் அவற்றை எளிதில் உறிஞ்சிவிடும். இவற்றுக்கும் குணமாகாவிடில் கால்நடை மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. தொட்டி நீரைச் சீர்செய்யாமல் உப்புக் குளியல் மட்டும் கொடுத்தால், பூஞ்சை மறுவாரமே திரும்பி வரும்.

சோச்சிமில்கோவில் நடந்திருப்பதும் இதுதான். அங்கு 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு சுமார் 6,000 ஆக்சலாட்டல்கள் இருப்பதாகக் கணக்கிட்டனர். 2014-இல் அது சுமார் 36 ஆயிற்று! நகரின் கழிவுநீரும், உணவுக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டை, திலாப்பியா மீன்களுமே முக்கியக் காரணங்கள். மெக்சிகோவின் 50 பெசோ நோட்டில் 2021 முதல் ஆக்சலாட்டலின் படம் இருக்கிறது. படத்தால் மட்டும் இனம் பிழைக்குமா? அதனால்தான் அங்குள்ள அறிஞர்களும் உழவர்களும் சேர்ந்து, கால்வாய்களில் தடுப்பும் வடிகட்டியும் அமைத்து நீரைத் தூய்மை செய்கின்றனர். வளர்ப்பில் பிறந்த 18 ஆக்சலாட்டல்களைச் சீரமைத்த நீர்நிலைகளில் விட்டுக் கண்காணித்த ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. அவை பிழைத்திருந்தன, திரும்பப் பிடிக்கப்பட்டவை எடையும் கூடியிருந்தன. நீரைச் சீர்செய்தால் உயிர் தானே தேறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நண்பர்களே, அதன் சிரித்த முகத்தைப் படத்தில் பார்த்து வாங்க ஆசைப்படுவோர் நம்மிலும் இருக்கலாம். நமது கோடையில் குழாய் நீர் எத்தனை டிகிரி என்பதை அவர்கள் முதலில் வெப்பமானி வைத்துப் பார்க்கட்டும். அந்த நீரை ஆண்டு முழுவதும் 18 டிகிரியில் வைத்துக் காக்க முடியாதவர், அதைப் படத்தில் கண்டு மகிழ்வதே அவ்வுயிருக்குச் செய்யும் பேருதவி.