திரையில் தெரிவது பாதி, தெரியாதது மீதி!

சினிமா பார்ப்பதில் இரண்டு ரகம் உண்டு. கதையோடு சேர்ந்து அழுது, சிரித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறவர்கள் ஒரு ரகம். "அட, போன ஷாட்டிலே டம்ளர் நிறையப் பால் இருந்ததே, இப்போ பாதியாயிடுத்தே!" என்று கண்டுபிடித்துச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது ரகம்.

பெண்களுக்கு இந்தக் கண் கொஞ்சம் கூர்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அலமாரியில் சர்க்கரை டப்பா இரண்டு அங்குலம் நகர்ந்திருந்தால், யார் வந்து எடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறோமே! ஆங்கிலப் படங்களில் இப்படி அகப்பட்டவை ஏராளம். ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில், உணவு விடுதியில் கதாநாயகி துப்பாக்கியால் சுடப்போகிறாள். அவள் சுடுவதற்கு முன்னாலேயே பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான். பாவம், ஒத்திகையிலேயே அந்தச் சத்தம் அவனுக்குப் பழகிப் போயிருக்கும்! பழைய ரோமாபுரிக் கதையான 'கிளாடியேட்டர்' (2000) படத்தில் ரதம் கவிழும்போது, அதன் பின்பக்கத்தில் காஸ் சிலிண்டர் பல்லிளிக்கிறது.

இதெல்லாம் சிரித்துவிட்டு மறந்துபோகும் சமாசாரம். ஆனால் ஒரு படத்தில் தப்புகளையும் தந்திரங்களையும் தேடிக்கொண்டே போனபோது, சிரிப்பு நின்று போயிற்று. வேறு ஒரு கேள்வி வந்தது: "இந்தத் தந்திரத்துக்கு நடுவில் நின்ற மனுஷர்களுக்கு என்ன ஆயிற்று?"

அந்தப் படம் 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்'. அமெரிக்காவில் எம்.ஜி.எம். ஸ்டுடியோ 1939-ல் வெளியிட்ட குழந்தைப் படம். கான்ஸாஸ் கிராமத்துப் பெண் டாரதியைச் சூறாவளி தூக்கிக்கொண்டுபோய் 'ஆஸ்' என்ற மாய தேசத்தில் போடுகிறது. சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் மூவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு பச்சை நிறச் சூனியக்காரியை எதிர்த்து, அவள் வீடு திரும்புகிற கதை.

வளர்ந்து குறையும் பின்னல்

முதலில் சின்னத் தப்பு. சோளக்கொல்லைப் பொம்மையை டாரதி சந்திக்கும் காட்சியில் அவள் தலைமுடியைப் பாருங்கள். ஒரு ஷாட்டில் பின்னல் தோளைத் தொடும், அடுத்த ஷாட்டில் நீளமாக மார்பில் புரளும், மறுபடி குட்டையாகும். இரண்டு நிமிஷத்தில் இவ்வளவு கூந்தல் வளர எந்தத் தைலமும் கிடையாது! காட்சிகளைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு நாட்களில் எடுத்து ஒட்டினதுதான் காரணம். இந்தப் படத்துக்கு டைரக்டர்களே மாறிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஆரம்பித்தவர் டாரதிக்குப் பொன்னிறச் சவுரி வைத்து, பொம்மை மாதிரி மேக்-அப் போட்டிருந்தார். அடுத்து வந்தவர் அதையெல்லாம் கழற்றச் சொன்னார். படத்தின் பெரும்பகுதியை எடுத்த விக்டர் ஃப்ளெமிங் அதற்கும் பிறகு வந்தவர்.

முல்தானி மட்டியில் ஒரு சூறாவளி

அந்தச் சூறாவளி இருக்கிறதே, இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படிச் செய்தார்கள்? மஸ்லின் துணியில் 35 அடி நீளத்துக்குக் காலுறை மாதிரி ஒன்றைத் தைத்து, மேலே நகரும் கிரேனில் தொங்கவிட்டுச் சுழல விட்டார்கள். சுற்றிலும் புழுதிக்கு என்ன தூவினார்கள் தெரியுமா? நாம் முகத்துக்குப் பூசிக்கொள்கிறோமே, அதே முல்தானி மட்டி!

இன்னொரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. பழுப்பு நிறத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் படத்தில் டாரதி கதவைத் திறந்ததும் வெளியே வானவில் மாதிரி வண்ண உலகம் விரிகிறது. லாபரெட்டரி வேலை என்று நினைத்தீர்களா? இல்லை. முழுக் காட்சியும் கலர்ப் படம்தான். வீட்டின் உட்புறத்துக்கே பழுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். டாரதிக்கு 'டூப்'பாக ஒரு பெண் பழுப்பு உடையில், முதுகைக் காட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொள்கிறாள். நீலக் கட்டம்போட்ட உடையில் நிஜ டாரதி வெளியே வருகிறாள். ஒரு டப்பா பெயின்ட், ஒரு கவுன். அவ்வளவுதான்!

மரகத நகரத்தில் ஒரு குதிரை வரும். ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். பழ ஜெல்லி செய்கிற பொடியைக் குழைத்துக் குதிரைகள்மேல் பூசினார்கள். இனிப்பாக இருந்ததால் குதிரைகள் அதை நக்கிக்கொண்டே இருந்தன. கலைவதற்குள் அவசரமாகப் படம் பிடிக்கவேண்டியிருந்தது. பாத்திரத்தில் மிச்சமிருக்கும் பாயசத்தை வழித்து நக்கும் நம் வீட்டு வாண்டுகளுக்குக் குதிரைகள் சளைத்தவை அல்ல!

டாரதியின் செருப்பு கதைப் புத்தகத்தில் வெள்ளி நிறம். கலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பு ஜிகினா தைத்துக் கெம்புச் செருப்பாக்கினார்கள். அதில் ஒரு ஜோடி 2005-ல் ஒரு மியூசியத்திலிருந்து திருடு போய், 2018-ல் அகப்பட்டு, 2024 டிசம்பரில் 2.8 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. செருப்புக்கு இவ்வளவு மதிப்பு. அந்த ஸ்டுடியோவில் நடமாடிய உயிர்களுக்கு?

வெள்ளிப் பொடி

தகர மனிதனாக முதலில் நடித்தவர் பட்டி எப்ஸன். முகத்தில் வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் அலுமினியப் பொடியைத் தூவினார்கள். தினமும் தூவத் தூவ, அவர் அதைச் சுவாசித்துக்கொண்டே இருந்தார். 1938 அக்டோபரில் படப்பிடிப்பு ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கை கால்கள் இழுத்துக்கொண்டன. மூச்சு விட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்தார்.

ஸ்டுடியோ என்ன செய்தது? வேறு நடிகரைப் போட்டது! ஜாக் ஹேலி வந்தார். முன்னவருக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் பொடியாகத் தூவுவதை விட்டுவிட்டு, இந்தத் தடவை பசையாகக் குழைத்துப் பூசினார்கள். அப்படியும் அவருக்குக் கண்ணில் சீழ் பிடித்துக் கொஞ்ச நாள் படுக்க நேர்ந்தது. எப்ஸன் 95 வயது வரை வாழ்ந்தார். ஆனால் அந்த வேடம் அவர் கையை விட்டுப் போனது போனதுதான்.

பச்சைச் சாயம்

சூனியக்காரியாக நடித்தவர் மார்கரெட் ஹாமில்டன். திரையில் குலைநடுங்க வைக்கும் இந்த அம்மாள், நிஜத்தில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கணவர் துணை இல்லாமல் ஒரு சின்னப் பையனை வளர்த்துக்கொண்டிருந்தவர். அவர் முகத்திலும் கையிலும் பூசிய பச்சைச் சாயத்தில் தாமிரம் கலந்திருந்தது.

1938 டிசம்பர் 23. பண்டிகைக்கு இரண்டே நாள். சூனியக்காரி நெருப்பும் புகையுமாக மறைந்துபோகும் காட்சி. தரையில் ஒரு ரகசியக் கதவு; அதன் வழியாக அவர் கீழே இறங்கினதும் தீ மேலே கிளம்பவேண்டும். முதல் தடவை சரியாக வந்தது. "இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார்கள். இரண்டாம் தடவை, அவர் இறங்கும் முன்பே தீ வந்துவிட்டது. கையிலிருந்த துடைப்பமும் தலையிலிருந்த தொப்பியும் பற்றிக்கொண்டன. முகத்திலும் வலது கையிலும் தீக்காயம். அதைவிடக் கொடுமை அடுத்தது. தாமிரச் சாயம் புண்ணுக்குள் இறங்கிவிடக்கூடாதே! வெந்த தோலின்மேல் ஆல்கஹாலை விட்டுத் தேய்த்து எடுத்தார்கள். படிக்கும்போதே எனக்கு உடம்பு கூசிற்று.

ஆறு வாரம் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். கேஸ் போடவில்லை, போட்டால் அடுத்த படம் கிடைக்காது என்று தெரிந்தவர். ஆனால் 'இனி நெருப்பு இருக்கும் காட்சியில் நிற்கமாட்டேன்' என்பதில் உறுதியாக இருந்தார். புகை கக்கும் துடைப்பத்தில் பறக்கும் காட்சிக்கு அவர் மறுத்ததும், டூப்பான பெட்டி டாங்கோ என்ற பெண்ணை உட்கார வைத்தார்கள். புகைக் குழாய் வெடித்தது. காலில் அடிபட்டு அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஒரு வேடிக்கை: முதல் தடவை எடுத்ததைத்தான் படத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது தடவை தேவையே இல்லை!

இதே ஹாமில்டன் 1975-ல் அமெரிக்காவின் குழந்தைகள் டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் வந்தார். சூனியக்காரியின் உடுப்பை ஒவ்வொன்றாகக் காட்டி, தானே மாட்டிக்கொண்டு, "இது வெறும் வேஷம்தான், பயப்படாதீங்க" என்கிற மாதிரி குழந்தைகளுக்குப் புரியவைத்தார். ஆசிரியை என்றைக்கும் ஆசிரியைதான்.

கண்ணுக்கே தெரியாத தந்திரம்

இத்தனையிலும் என் மனசை அதிகம் வருத்தியது டாரதிதான். ஜூடி கார்லண்டுக்கு அப்போது 16 வயது. டாரதியோ சின்னக் குழந்தை. ஆகவே மார்பை இறுக்கிக் கட்டி, உடம்பைச் சிறுமியாக்கினார்கள். குண்டாகிவிடுவாள் என்று சாப்பாட்டில் கை வைத்தார்கள். பசியை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையால் தூக்கம் வராமல் போக, தூங்க வேறு மாத்திரை. வளர்கிற பெண்ணுக்கு இதைவிடத் துரோகம் உண்டா? அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. 1969-ல், 47 வயதில், தூக்க மாத்திரை அளவு மீறியதால் இறந்துபோனார். தப்புக் கண்டுபிடிக்கிற எந்தக் கண்ணுக்கும் திரையில் இது தெரியாது.

யோசித்துப் பார்த்தால் ஒரு கணக்குப் புரிகிறது. துணி, ஜெல்லிப் பொடி, வீட்டுப் பெயின்ட் என்று எளிமையாகச் செய்த தந்திரங்களில் யாருக்கும் கேடில்லை. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் ரத்தமாக ஓடியது சாக்லேட் ஸிரப்தான். கறுப்பு-வெள்ளைப் படத்தில் அதுவே போதும். உலோகப் பொடி, தாமிரச் சாயம், நெருப்பு, மாத்திரை என்று போனபோதுதான் மனிதர்கள் விழுந்தார்கள்.

நம் வீட்டு மேடைக்கு

"அமெரிக்காக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்காதீர்கள். பள்ளி ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி என்றால் நம் வீட்டிலும் ஒரு குட்டி ஸ்டுடியோ திறந்துவிடுகிறதே! காந்தி சிலை, ரோபோ என்று குழந்தைக்கு மேனி முழுக்க வெள்ளி பூசி நிறுத்துவதைப் பார்க்கிறோம். ஆகவே சில விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

* ஹார்ட்வேர் கடையில் விற்கும் அலுமினியப் பெயின்ட், வெள்ளிப் பொடி எதையும் குழந்தையின் தோலில் பூசாதீர்கள். தோலுக்கென்றே தயாரித்த, தண்ணீரில் கழுவினால் போகும் முகச்சாயமே சரி.

* முதல் நாளே முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். மறுநாள் சிவந்தோ அரித்தோ இருந்தால் அந்தச் சாயம் வேண்டாம்.

* மூக்கருகே எந்தப் பொடியையும் தூவவோ ஊதவோ கூடாது. வீசிங் தொந்தரவு உள்ள குழந்தைக்கு இது மிக முக்கியம். காகித அலங்காரத்துக்கான ஜிகினாத் தூளைக் கண்ணருகே ஒட்டாதீர்கள்.

* வேஷத்தைக் கலைக்கத் தேங்காயெண்ணெயும் மிருதுவான துணியும் போதும். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகவேண்டாம். போட்டி முடிந்ததும் உடனே கலைத்துவிடுங்கள்.

* புகை மூட்டத்துக்கு உலர்பனி கொண்டுவந்தால் குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் தோல் புண்ணாகும். காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் மூச்சுத் திணறும்.

* பஞ்சு தாடி, நைலான் உடுப்பு போட்ட குழந்தை விளக்கருகே, தீபத்தருகே நிற்கவேண்டாம். சுட்டுக்கொண்டால் குழாயடியில் சாதாரணத் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் காட்டுங்கள். இங்க், பற்பசை, தோசை மாவு எதுவும் தடவவேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

* "ஒல்லியாத் தெரியணும்" என்று வளரும் பெண்ணைப் பட்டினி போடாதீர்கள். உடுப்பு இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்து விடுங்கள்.

யாராவது "ஒரே ஒரு தடவைதானே, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால், இது எதில் செய்தது, என்ன கலந்திருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். நமக்குப் பரிசு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்த குழந்தை வயிறாரச் சாப்பிட்டு, ராத்திரி நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்கவேண்டும்; நமக்கு அதுதான் முதல் பரிசு.