தொழினுட்பக் கல்வியும் பிரதேச அபிவிருத்தியும்: தென் கரோலைனாவின் இரு கவுண்டிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

பின்தங்கிய பிரதேசமொன்றின் முன்னேற்றத்திற்குத் தொழினுட்பக் கல்வியே திறவுகோல் என்னும் கருத்து இன்று பலராலும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் திறனை உருவாக்கும் செலவை ஏற்பவர் யார், அதன் பயனைப் பெறுபவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை மனங்கொண்டு, ஐக்கிய அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்திலுள்ள கிரீன்வில், ஸ்பாட்டன்பேர்க் ஆகிய இரு கவுண்டிகளின் அனுபவத்தை நாம் இங்கு நோக்குவோம். கவுண்டி என்பது மாநிலத்திற்கு உட்பட்டதும், தனக்கென வரி வருமானமும் சபையும் கொண்டதுமான உள்ளூராட்சி அலகாகும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இப்பிரதேசம் பருத்தி ஆலைகளை நம்பியே வாழ்ந்தது. தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் ஆலை முதலாளியின் உடைமையாகவே இருந்தன. வெவ்வேறு இனத்தவர் ஆலையின் ஒரே அறையில் வேலை செய்வதை 1915ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமொன்று தடுத்தது; இதனாற் கறுப்பின மக்கள் உற்பத்தி வேலைகளிலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டனர். 1934ஆம் ஆண்டுப் புடைவைத் தொழிலாளர் பொது வேலைநிறுத்தத்தின்போது, அயலிலுள்ள அண்டர்சன் கவுண்டியின் ஹொனியா பாத் என்னும் ஊரில் ஏழு தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1954இல், தொழிற்சங்க உறுப்புரிமையை வேலைக்கு நிபந்தனையாக்குவதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் 'வேலை செய்யும் உரிமை'. சொற்கள் வர்க்க நலன்களைப் போர்த்தி மறைக்கும் முறைக்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

தொழினுட்பக் கல்வித் திட்டம் இத்தகைய மண்ணிலேயே வேரூன்றியது. ஏர்னஸ்ற் ஹொலிங்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில், 1961இல், மாநிலம் இதற்கான அமைப்பை உருவாக்கியது. 1962இற் கிரீன்வில்லில் முதற் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. 'விசேட பாடசாலைகள்' என்ற ஏற்பாடே இத்திட்டத்தின் தனித்தன்மை. புதிதாக வரும் தொழிற்சாலைக்கு வேண்டிய தொழிலாளரை, அதன் தேவைக்கேற்ப, மாநிலமே பொதுச் செலவிற் பயிற்றி அளித்தது. 1970களில் மிஷ்லின் டயர் நிறுவனம் இப்பிரதேசத்திற்கு வந்தது. 1992இல் ஸ்பாட்டன்பேர்க் கவுண்டியைத் தெரிவுசெய்த ஜேர்மன் நிறுவனமான பி.எம்.டபிள்யூ., 1994இல் அங்கு கார் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அத்தொழிற்சாலையில் 11,000இற்கு மேற்பட்டோர் பணிபுரிகின்றனர்.

இப்பேற்றினைக் குறைத்து மதிப்பிடுவது விஞ்ஞானபூர்வமான நோக்காகாது. இலங்கையின் ஆடைக் கைத்தொழிலையும் பாதித்த புடைவைப் பங்கீட்டு முறை 2005ஆம் ஆண்டின் தொடக்கத்துடன் முடிவுற்றது. அதற்கு முன்னரே சரியத் தொடங்கியிருந்த கரோலைனா ஆலைகள் மேலும் பல மூடப்பட்டன. புதிய கைத்தொழில்கள் வந்திராவிடின் இக்கவுண்டிகளின் நிலை மிகவும் துயரமானதாகியிருக்கும்.

எனினும் ஒன்று நோக்கற்பாலது. உழைப்புச் சக்தியின் பெறுமதியிற் கல்விச் செலவும் அடங்கும் என்பது மார்க்ஸ் 'மூலதனம்' நூலிற் காட்டிய உண்மை. இங்கு அச்செலவின் ஒரு பகுதி மூலதனத்தின் தோளிலிருந்து பொதுமக்களின் தோளுக்கு மாற்றப்படுகிறது. அதுமட்டுமன்று. புதிய தொழிற்சாலைகளைக் கவர்வதற்காகக் கவுண்டிச் சபைகள் ஆதன வரியிற் சலுகை வழங்குகின்றன. பாடசாலைகளுக்கு நிதியளிக்கும் முக்கிய ஊற்றுகளுள் ஒன்று அவ்வரியே. பயிற்சியின் பெயரால் ஒரு கை கொடுப்பதை, முதலீட்டின் பெயரால் மறுகை குறைக்கிறது.

இது தொழினுட்பத்தின் இயல்பான விளைவு எனக் கூறவியலுமா? அந்நிறுவனத்தின் தாயகமே இதற்கு விடை தரும். ஜேர்மனியின் 1969ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் கீழ், பயிற்சியின் உள்ளடக்கத்தை வகுப்பதில் தொழிற்சங்கங்களும் பங்குபற்றுகின்றன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2,000இற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் அரைவாசி ஆசனங்கள் ஊழியர் தரப்புக்குரியவை. வாக்குகள் சமனாகப் பிரியின் தலைவரின் மேலதிக வாக்கே முடிவுசெய்யும்; அத்தலைவர் வழமையாகப் பங்குதாரர் தரப்பினர். ஆகவே அதனைச் சமவுடைமை என மயங்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கு தொழிலாளருக்கு ஒரு குரல் உண்டு. ஸ்பாட்டன்பேர்க்கிலோ தொழிற்சங்கமில்லை. அயலிலுள்ள கல்லூரிகளுடன் இணைந்து, படிப்பையும் வேலையையும் ஒருங்கே வழங்கும் பயிற்சி முறையை அந்நிறுவனம் அங்கு நடைமுறைப்படுத்தியது. பயிற்சி முறை கடல் கடந்தது. தொழிலாளரின் ஆசனம் கடல் கடக்கவில்லை.

எனவே தொழினுட்பக் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்பதன்று பிரச்சினை. அதன் பாடத்திட்டத்தை யார் வகுப்பது, எந்நிபந்தனையிற் பொதுப்பணம் செலவாவது, கற்ற திறனுக்கான கூலியை யார் நிர்ணயிப்பது என்பனவே பிரச்சினைகள். ஒழுங்கமைந்த தொழிலாளர் இத்தீர்மானங்களிற் பங்குகொள்ளாத வரை, பிரதேச அபிவிருத்தி என்பது பிரதேசத்து மக்களின் அபிவிருத்தியாக முழுமை பெறாது என்பதே இவ்விரு கவுண்டிகளின் வரலாறு எமக்கு உணர்த்தும் பாடமாகும்.