உறைபனியில் வீரனின் உணவு

படை என்றதும் வாளும் வேலும், இக்காலத்திற்கேற்பத் துப்பாக்கியும் பீரங்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைத் தாங்கும் தோள்களுக்கு வலிவு தருவது அடுப்பே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

பின்லாந்து நாட்டின்மீது சோவியத்துப் படை தொடுத்த பனிக்காலப் போரில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு எண்ணிப் பார்ப்போம். 1939ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இரவு, தோல்வாயார்வி என்னும் ஏரிப் பகுதியில், சோவியத்துப் படைப்பிரிவு ஒன்று காட்டு வழியே சுற்றி வந்து பின்லாந்துப் படையின் பின்புறத்தை எட்டிவிட்டது. அங்கே அவர்கள் கண்டது களச் சமையற்கூடத்தை. கலங்களில் இறைச்சிச் சாறு சூடாக இருந்தது. பசியாலும் குளிராலும் வாடியிருந்த வீரர்கள் போரை மறந்து உண்ணத் தொடங்கினர். அதற்குள் பின்லாந்துத் தளபதி, சமையற்காரர், எழுத்தர் எனக் கிடைத்தோரையெல்லாம் திரட்டித் தாக்க, வந்தவர் நிலைகுலைந்தனர். அந்தச் சாற்றிலிருந்த இறைச்சி வகையின் பெயராலேயே அம்மோதல் இன்றும் அந்நாட்டில் வழங்கப்படுகிறது.

உணவு கிட்டாத வீரன் துன்புறுவது வெளிப்படை. ஆனால், முதுகுப் பையில் உணவு இருந்தும் ஒரு வீரன் குறையுணவால் மெலிவது எவ்வாறு? பனிக்காலப் பயிற்சியைப் பற்றிய ஆராய்ச்சிகள் இவ்வினாவையே நம்முன் வைக்கின்றன.

நார்வேயில் கண்ட கணக்கு

நார்வே நாட்டுப் போர்வீரர் 21 பேரை அவர்தம் குளிர்காலப் பயிற்சியின்போது ஆராய்ந்த அறிஞர்கள், தம் முடிவுகளை 2014இல் வெளியிட்டனர். நீரியமும் உயிர்வளியும் சற்றுக் கனமான அணுக்களாய் அமைந்த ஒருவகை நீரை வீரர்க்குப் பருகக் கொடுத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் விரைவைச் சிறுநீரில் அளந்தால், உடல் செலவிட்ட ஆற்றலைக் கணக்கிடலாம். இம்முறையே அங்குக் கையாளப்பட்டது.

முதல் நான்கு நாள் போர்ப் பயிற்சியில் ஒவ்வொரு வீரனும் நாளொன்றுக்குச் சராசரியாக 5,480 கலோரி செலவிட்டான். உண்டதோ ஏறத்தாழ 3,100 கலோரியே. அடுத்த மூன்று நாள்களில் பனிச்சறுக்குக் கட்டைகளுடன் 54 கிலோமீட்டர் நடைப்பயணம். அப்போது செலவு 6,851 கலோரியாக உயர்ந்தது. உணவு 3,461 கலோரியளவில் நின்றது. செலவில் ஏறக்குறையப் பாதியே வரவு! நம் நாட்டில் அமர்ந்து பணிபுரியும் ஆடவர் ஒருவர்க்கு நாளொன்றுக்குச் சற்றொப்ப 2,100 கலோரி போதும் என்பதை ஒப்புநோக்கினால் இச்செலவின் பெருமை விளங்கும்.

இவ்வளவு ஆற்றல் எங்கே போகிறது? குளிர் மட்டுமே இதற்குக் காரணமன்று. தக்க உடை அணிந்து உழைப்பவனுக்கு உழைப்பே வெப்பந் தருகிறது. கனத்த உடையும் காலணியும், முதுகுச் சுமையும், காலைப் பற்றி இழுக்கும் பனியும் ஒவ்வோர் அடியின் விலையையும் உயர்த்திவிடுகின்றன. உழைப்பு நின்று உடல் நடுங்கத் தொடங்கினால், அந்நடுக்கமும் தசையின் வேலையே. அதற்கும் எரிபொருள் வேண்டும்.

ஏன் உண்பதில்லை?

ஆயின், பசித்தவன் ஏன் உண்பதில்லை? பனிவெளியில் உண்பது எளிதன்று. உணவு உறைந்து கல்லாகிறது. பொட்டலத்தைப் பிரிக்கக் கையுறையைக் கழற்றினால் விரல்கள் மரத்துப்போகின்றன. உலர்த்திய உணவுக்கு வெந்நீர் வேண்டும். வெந்நீருக்குப் பனியை உருக்க வேண்டும். அதற்கு எரிபொருளும் நேரமும் வேண்டும். களைத்தவன் உண்பதைவிட உறங்குவதையே விரும்புகிறான்.

தண்ணீரின் கதையும் இதுவே. குளிரில் தாக உணர்வு மங்குகிறது, வறண்ட காற்று மூச்சின் வழியே நீரைக் கவர்ந்துசெல்கிறது, சிறுநீரும் மிகுகிறது. உடையைத் தளர்த்தி வெளியே செல்ல அஞ்சி, வேண்டுமென்றே நீரைக் குறைப்போரும் உளர். பனியை அப்படியே தின்றால் என்ன எனக் கேட்கலாம். ஒரு கிலோ பனியை உருக்க 80 கலோரியும், அந்நீரை உடலின் வெப்பநிலைக்குக் கொணர மேலும் 37 கலோரியும் தேவை. குளிரில் நிற்பவனின் உடலிலிருந்தே அவ்வெப்பம் எடுக்கப்படும்.

வரவு குறைந்தால் உடல் சேமிப்பில் கை வைக்கிறது. கொழுப்பு கரைவதோடு நில்லாமல், தசையின் புரதமும் சிதைகிறது. நார்வே வீரரிடம் நடைப்பயணத்தின்போது புரதச் சிதைவு, புரத ஆக்கத்தை விஞ்சியது, தசைவலி மிகுந்தது, மேல்நோக்கிக் குதிக்கும் ஆற்றல் குறைந்தது. வீட்டின் உத்தரத்தையே விறகாக எரித்துக் குளிர்காய்வது போன்றது இது.

புரதமா, போதுமான உணவா?

தசை குறைகிறதென்றால் புரதத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதாதோ? 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 51 கிலோமீட்டர் பனிச்சறுக்கு நடையை உள்ளடக்கிய நான்கு நாள் பயிற்சியில் 73 வீரர்கள் மூன்று பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான உணவு மட்டும்; ஒரு பிரிவுக்கு அதனுடன் நாளும் 250 கலோரி கொண்ட நான்கு புரதக் கட்டிகள்; மற்றொன்றுக்கு அதேயளவு ஆற்றலுடைய மாவுச்சத்துக் கட்டிகள். புரதக் கட்டி பெற்றோரின் மொத்த உணவு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. மாவுச்சத்துக் கட்டி பெற்றோர் சற்று மிகுதியாக உண்டனர்; எனினும் மூன்று பிரிவினரின் ஆற்றல் பற்றாக்குறையும் புரத இழப்பும் ஒத்தே இருந்தன. எப்பிரிவினராயினும், மொத்தத்தில் மிகுதியாக உண்டவரே, அதாவது 3,700 கலோரியளவு உண்டவரே, தம் புரதத்தைக் காத்துக்கொண்டனர்.

இதனால் நாம் அறிவது யாது? பையில் கொடுத்த உணவு வேறு, வயிற்றில் சேர்ந்த உணவு வேறு. ஆகவே உணவூட்டுவது பண்டசாலையோடு முடியும் பணியன்று. அது தலைவனின் கடமை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிறிது உண்ணச் செய்தல், உறையாதபடி சிற்றுணவை உடைக்குள் வைக்கப் பழக்குதல், தாகம் எடுக்குமுன் பருகச் செய்தல், நாளில் ஒரு வேளையேனும் சூடான உணவை எல்லாரும் கூடி உண்ணச் செய்தல் ஆகியன பயிற்சியின் பகுதிகளாகவே அமைய வேண்டும்.

இமயத்தின் பனிமுகடுகளில் காவல் நிற்கும் நம் நாட்டு வீரர்க்குக் குளிரோடு உயரமும் சேர்ந்து பசியைக் குறைக்கிறது. அவர்க்கேற்ற உணவை ஆராயவே மைசூரில் பாதுகாப்புத்துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடம் 1961இல் நிறுவப்பட்டது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், மிகுதலும் குறைதலும் நோய் தரும் என்னுமிடத்து, உணவையும் செயலையும் இணைத்தே பொருள் கூறுவார். செயலுக்கேற்ற உணவு என்னும் அக்கருத்தையே இன்றைய அறிவியலும் கலோரிக் கணக்கால் நிறுவுகிறது. இஸ்லாமும் உடலை இறைவன் தந்த அமானிதமாகக் கருதுகிறது. அதனால்தான் ரமளானில் நோன்பு நோற்போர் சஹர் உணவைத் தவிர்க்காதிருக்க வலியுறுத்தப்படுகின்றனர். பயணிக்கும் நோயாளிக்கும் நோன்பைப் பின்னர் நோற்கச் சலுகையும் உண்டு. பட்டினியைத் தாங்குவது மட்டுமே வீரமன்று. உரிய வேளையில் உண்டு, தன் தோழனும் உண்டானா எனக் கேட்டறிவதும் வீரமேயாகும்.