நெய்வேலியின் இரண்டு ராட்சதர்கள்!

ஒன்று மேற்கு ஜெர்மனியில் இருந்து வந்தது. மற்றொன்று ரஷ்யாவில் இருந்து வந்தது. இரண்டில் எது பெரியது?

1957-ம் ஆண்டு மே 20-ந் தேதி, நெய்வேலி சுரங்க வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். மண் வெட்ட ஜெர்மன் யந்திரங்கள் வந்தன. பிரம்மாண்டமான சக்கரம், அதைச் சுற்றிலும் வாளிகள். சக்கரம் சுழலச் சுழல, வாளிகள் மண்ணை அள்ளிக் கொட்டும்.

தேய்ந்த பற்கள்

ஆனால் நெய்வேலி மண் லேசுப்பட்டதா? கல்லாக இறுகிய மணல்! வாளிகளின் பற்கள் தேய்ந்து போயின. பற்களை மாற்றி அமைத்தார்கள். வெடி வைத்து மண்ணை இளக்கினார்கள். அடியில் இருந்து முட்டிய நீரை இரவு பகலாக இறைத்தார்கள். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது.

ரஷ்ய ராட்சதன்

இந்தக் கரியில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். தொலைதூரம் அனுப்பினால் கட்டுப்படி ஆகாது. எனவே சுரங்கத்தின் அருகிலேயே ரஷ்ய உதவியுடன் அனல் மின்நிலையம் எழுந்தது. 1962-ல் 50 மெகாவாட் யந்திரம் ஓடத் தொடங்கியது. 1970-ல் மொத்த சக்தி 600 மெகாவாட்!

அந்நாளில் இரு நாடுகளும் எதிரெதிர் அணி. நெய்வேலியிலோ ஒன்று வெட்டிக் கொடுத்தது, மற்றொன்று எரித்தது.

எது பெரியது?

ரஷ்ய மின்நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. வாளிச் சக்கர யந்திரங்கள் இன்றும் சுழல்கின்றன. அதனால் ஜெர்மன் ராட்சதனே உயர்ந்தவன் என்று சொல்லிவிட முடியுமா? கரி இல்லாமல் உலை இல்லை. உலை இல்லாமல் கரிக்குப் பயன் இல்லை.

இரண்டுக்கும் இடம் விட்டு, ஊரையும் நிலத்தையும் இழந்து வெளியேறினார்களே கிராமத்து மக்கள், அவர்கள்தான் எல்லாரிலும் பெரியவர்கள்!