நிலம் தரும் நறுமணம்

நுழையும்முன்

மலருக்கும் வேருக்கும் மணம் உண்டு என்பதை அனைவரும் அறிவர். அம்மணத்தில் அவை வளர்ந்த நிலத்திற்கும் பங்கு உண்டு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊரும் பொருளும்

பொருள்களை அவை பிறந்த இடத்தோடு சேர்த்துக் கூறுவது பழந்தமிழர் வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களைப் பட்டியலிடும் பட்டினப்பாலை, சந்தனமும் அகிலும் மேற்கு மலையில் பிறந்தவை என்றும், முத்து தென்கடலில் பிறந்தது என்றும் குறிப்பிடுகிறது. அவ்வழக்கம் இன்றும் மறையவில்லை. நறுமண எண்ணெய் வாங்குவோர், அஃது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டே வாங்குகின்றனர்.

எண்ணெய் எடுக்கும் முறை

இலை, வேர், மரத்தூள் ஆகியவற்றைக் கலத்தில் இட்டு, அவற்றினூடே நீராவியைச் செலுத்துவர். ஆவி, மணப்பொருளைத் தன்னுடன் சுமந்து செல்லும். அதனைக் குளிர்வித்தால் நீரும் எண்ணெயும் தனித்தனியே பிரியும். நூறு கிலோ எலுமிச்சைப்புல்லில் கிடைக்கும் எண்ணெய் பொதுவாக அரை கிலோவுக்கும் குறைவே. மல்லிகை போன்ற மென்மலர்கள் நீராவியின் வெம்மையைத் தாங்கா. ஆதலால் அவற்றின் மணத்தைக் கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுப்பர்.

நிலமும் மணமும்

மண், மழை, மலையின் உயரம், அறுவடைக் காலம் ஆகியவை மாறினால், எண்ணெயில் உள்ள வேதிப்பொருள்களின் அளவும் மாறும். செடியின் இனமும் வளர்ந்த நிலமும் சேர்ந்தே மணத்தை உருவாக்குகின்றன.

கேரள மலைச்சரிவுகளில் விளையும் எலுமிச்சைப்புல்லின் எண்ணெயை மலையாளத்தில் 'புல்தைலம்' என்பர். கொச்சித் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் உலகச் சந்தையில் அது 'கொச்சி எண்ணெய்' எனப் பெயர் பெற்றது. அதற்கு எலுமிச்சை மணத்தைத் தருவது சிட்ரால் என்னும் பொருள். இப்புல்லை ஆராய்வதற்கென்றே எறணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951-ஆம் ஆண்டு ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. 'சுகந்தி' என்னும் புல்வகை அங்கு உருவானது. ரப்பர்த் தோட்டங்களும் செயற்கை மணப்பொருள்களும் பெருகியபின் புல் விளையும் பரப்புச் சுருங்கியது.

இடுக்கி மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் மறையூர், சந்தனக் காட்டிற்குப் பெயர் பெற்றது. சந்தன மரம் தன் வேரை அருகிலுள்ள மரஞ்செடிகளின் வேரோடு பொருத்தி, ஊட்டத்தில் ஒரு பகுதியைப் பெறும். ஆகவே அது தனித்துச் செழிப்பதில்லை. மரத்தின் வைரம் முதிர முதிரவே எண்ணெய் பெருகும். அதற்குப் பல்லாண்டுகள் ஆகும். ஒரு மரம் களவாடப்பட்டால், அதனை ஈடுசெய்ய ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில், 18-ஆம் நூற்றாண்டில் திவான் இராஜா கேசவதாசன் அமைத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாகக் கடை நடத்தி வருகின்றனர். நாட்டுமருந்துக் கடையில் 'வெட்டிவேர்' எனத் தமிழில் கேட்டாலும், 'இராமச்சம்' என மலையாளத்தில் கேட்டாலும் கிடைப்பது ஒரே வேர்க்கட்டுதான். ஆங்கிலமும் பிரெஞ்சும் அதனை நம் தமிழ்ச் சொல்லாலேயே வழங்குகின்றன.

குடியேறிய மரம்

ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட தைல மரம், 1843-ஆம் ஆண்டு நீலகிரியில் நடப்பட்டது. குளிர்ந்த மலைக்காற்றில் அது நன்கு வளர்ந்தது. அதன் இலையிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய் இன்று 'நீலகிரித் தைலம்' என்றே வழங்குகிறது. வந்த மரம், வாழ்ந்த மலையின் பெயரைப் பெற்றுவிட்டது. எனினும், அம்மரங்கள் பெருகியதால் மலையின் இயற்கையான புல்வெளிகள் பல மறைந்தன என்பதும் உண்மையாகும்.

கலவையின் இலக்கணம்

மணக்கலவையில் மூன்று நிலைகள் உண்டு. முதலில் எழுந்து விரைவில் மறைவது முதல் மணம். எலுமிச்சைப்புல்லும் நீலகிரித் தைலமும் இவ்வகையின. அடுத்துத் தோன்றுவது நடு மணம். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இதற்குச் சான்று. நெடுநேரம் நிலைப்பது அடி மணம். சந்தனமும் வெட்டிவேரும் இதனைத் தருகின்றன. அடி மணம் ஏனைய மணங்கள் விரைந்து கலையாமல் காக்கும்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகரில், சுட்ட களிமண்ணை நீரோடு காய்ச்சி, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, முதல் மழையின் மண் மணத்தையே அத்தராக வடிக்கின்றனர். வடநாட்டு மண்ணின் மணத்தைத் தாங்கிக்கொள்வதற்குத் தென்னாட்டுச் சந்தனம் நெடுங்காலமாகத் துணைநின்றது. வெவ்வேறு நிலங்களின் மணங்கள் தம் இயல்பை இழக்காமல் ஒன்றுகூடும் என்பதற்கு இது சான்றாகும்.

கவனத்தில் கொள்க

பிரெஞ்சு வேதியியலாளர் கட்டஃபோசே 1937-இல் வெளியிட்ட நூலால் 'நறுமண மருத்துவம்' என்னும் பெயர் பரவியது. நறுமணம் மனத்திற்கு இதம் தரலாம். நோய்க்கு மருத்துவரையே நாட வேண்டும். தூய நறுமண எண்ணெயை நேரடியாகத் தோலில் தடவுதல் கூடாது. தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் சில துளிகள் கலந்து, பெரியோர் துணையுடனே பயன்படுத்த வேண்டும். நீலகிரித் தைலத்தை விழுங்கினால் அது குழந்தைகளுக்கு நஞ்சாகும்.

சொல்லும் பொருளும்

வைரம் – மரத்தின் உறுதியான நடுப்பகுதி
சரக்கு – வணிகப் பொருள்
இதம் – இனிமை, நலம்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நறுமணம், நீராவி.
2. எலுமிச்சைப்புல் எண்ணெய் 'கொச்சி எண்ணெய்' எனப் பெயர் பெற்றது ஏன்?
3. மணக்கலவையின் மூன்று நிலைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. உம் வீட்டில் உள்ள மணப்பொருள்கள் மூன்றின் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், விளையும் ஊர் ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டு அட்டவணைப்படுத்துக.