மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது: எடை குறைந்த பழைய கார்

முன்னுரை

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பர் நம் பெரியோர். மோட்டார் உலகில் இதற்குச் சான்றாக விளங்குவது எடை குறைந்த, பழைய பாணி ஸ்போர்ட்ஸ் கார். தாழ்ந்த உடல், நீண்ட மூக்கு, இரண்டே இருக்கைகள், திறந்த மேற்பகுதி ஆகியவை அதன் அடையாளங்கள். படத்தில் கண்டவுடன் ஆசை பிறக்கிறது. ஆனால் அத்தகைய காரை வைத்திருப்பது எத்தகையது, அதைப் பேணுவது எப்படி, ஓட்டும்போது எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றை அறிந்தோர் நம்மில் சிலரே. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து பள்ளிக்கு வரும் நாம் இதை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அக்காரின் உடன்பிறப்பு ஒன்று நம் சென்னைப் புறநகரிலேயே பிறந்தது.

நம் ஊரும் மோட்டாரும்

சென்னையின் மேற்குப் புறநகர் இயந்திரங்களின் இருப்பிடம். பாடியில் உள்ள தொழிற்சாலைகள் 1960களிலிருந்து கார்ச் சக்கரங்களையும், பிரேக்குகளையும், மின்கருவிகளையும் செய்து நாடெங்கும் அனுப்பி வருகின்றன. அம்பத்தூரில் சைக்கிளும் டயரும் செய்யப்பட்டன. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து 1965-ஆம் ஆண்டு வெளிவந்த விஜயந்தா டாங்கியின் எடை ஏறத்தாழ 39 டன். கனத்திற்குப் பெயர்பெற்ற நம் வட்டாரத்தில் எடைக் குறைவின் பெருமையைப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். டாங்கிக்குக் கனம் கவசம் என்றால், ஸ்போர்ட்ஸ் காருக்குக் கனம் பகை.

வண்டலூரில் பிறந்த ஹெரால்டு

பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையிலிருந்து வெளிவட்டச் சாலையில் தெற்கே சென்றால் வண்டலூரை அடையலாம். அதன் அருகே பெருங்களத்தூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனம் கார் தொழிற்சாலை நடத்தி வந்தது. 1961-ஆம் ஆண்டு அங்கிருந்து வெளிவரத் தொடங்கியதே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. அதன் உருவை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 சி.சி. எடை ஏறத்தாழ 800 கிலோ. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் பின்னர் இங்கே செய்யப்பட்டது. 1970களில் அதன் வழித்தோன்றலாக 'கெஸல்' வந்தது. 1980களின் இறுதியில் அத்தொழிற்சாலை கார் செய்வதை நிறுத்திவிட்டது.

ஹெரால்டு குடும்பத்தினர் பயணம் செய்யும் கார். ஆனால் அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் தாழ்ந்த உடலைப் பொருத்தி, 1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'டிரயம்ப் ஸ்பிட்பயர்' என்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வெளியிடப்பட்டது. அதையும் வரைந்தவர் மிக்கெலோட்டியே. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற விமானத்தின் பெயரை அதற்குச் சூட்டினர். 1980-ஆம் ஆண்டு வரை மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட ஸ்பிட்பயர் கார்கள் செய்யப்பட்டன. ஆகவே ஹெரால்டைப் பழுது பார்க்கத் தெரிந்த சென்னை மெக்கானிக் ஒருவருக்கு ஸ்பிட்பயர் புதிய வண்டியன்று. முன் சக்கர அமைப்பும், பின் அச்சும், முன்புறமாகச் சாயும் பானெட்டும் இரண்டிற்கும் ஏறத்தாழ ஒன்றே.

எடையும் இயக்க விதியும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நாம் படிக்கும் முதல் பாடம் இயக்க விதிகள். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது. விசை மாறாமல் நிறை குறைந்தால் முடுக்கம் கூடும். எடை குறைந்த காரின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

அக்கால அம்பாசிடரின் எடை ஏறத்தாழ 1100 கிலோ. எஞ்சின் 1489 சி.சி.; திறன் 50 குதிரைத்திறன் அளவு. ஒவ்வொரு 100 கிலோவுக்கும் சுமார் நாலரைக் குதிரைகள். தொடக்ககால ஸ்பிட்பயரின் எடை ஏறத்தாழ 710 கிலோ. எஞ்சின் 1147 சி.சி.தான், திறன் 63. ஒவ்வொரு 100 கிலோவுக்கும் சுமார் ஒன்பது குதிரைகள். சிறிய எஞ்சினே பெரியதை வென்றுவிடுகிறது அல்லவா?

இக்கொள்கையை எல்லைவரை கொண்டு சென்றவர் ஆங்கிலேயப் பொறியாளர் காலின் சாப்மன். 1957-இல் அவர் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' காரில் கதவு போன்ற வசதிகள்கூடக் குறைக்கப்பட்டன. அதைச் செய்யும் உரிமை 1973-இல் கேட்டர்ஹாம் நிறுவனத்திற்குச் சென்றது. இன்றும் அதே உருவில் கார்கள் வருகின்றன. அவற்றுள் மிகச் சிறிய ஒன்று 660 சி.சி. சுசுகி எஞ்சினும் 440 கிலோ எடையும் கொண்டது.

எடைக் குறைவால் வரும் பிற நன்மைகளும் உண்டு. பிரேக் விரைவில் பிடிக்கும். டயர் மெதுவாகத் தேயும். பெட்ரோல் குறைவாகச் செலவாகும். வளைவில் வண்டி சொன்னபடி கேட்கும். ஹெரால்டு வெறும் 25 அடி விட்டத்திற்குள் திரும்பிவிடும். நம் பூந்தமல்லிச் சந்துகளுக்கு இது எவ்வளவு பொருத்தம்!

பேணும் முறை

எடை குறைந்த காரில் வேண்டாத பொருள் ஒன்றும் இராது. ஆகவே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் வேலையைச் செய்தாக வேண்டும். சிறு புறக்கணிப்பும் பெருந்தீங்காகலாம். இதை நாங்கள் உணர்ந்தது எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தாவிடம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், தம் ஹெரால்டை இன்றும் தம் கையாலேயே பேணி வருகிறார். அவர் பானெட்டை முன்புறமாகச் சாய்த்துத் திறந்ததும் எஞ்சினும் முன் சக்கரங்களும் முழுமையாக வெளிப்பட்டன. முன் டயரின் மேலேயே அமர்ந்து அவர் எங்களுக்கு விளக்கினார்.

முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடியில் வெண்கல முட்டு ஒன்று இருக்கிறது. 'டிரனியன்' என்பது அதன் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அதற்குள் திருகுபோல் சுழலும். "தாத்தா, கிரீஸ் வைத்தால் போதாதா?" என்று நாங்கள் கேட்டோம். "போதாதும்மா. கிரீஸ் உள்ளே கெட்டியாகி நின்றுவிடும். தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும்" என்றார். எண்ணெய் காணாத தண்டு ஒருநாள் முறியும். முறிந்தால் ஓடும் வண்டியில் முன் சக்கரம் மடங்கிவிடும். ஒரு கரண்டி எண்ணெயின் விலை ஓர் உயிர்! சுமார் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை 90-ஆம் எண் கியர் ஆயிலைச் செலுத்துவது பழைய விதி. குறைவாக ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்வது நலம்.

மற்றக் கடமைகளைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில் மூன்றையும் பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது.

2. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 25 பங்கு இருக்க வேண்டும். தகட்டு அளவியால் இதை நாமே அளக்கலாம். காண்டாக்ட் பாயின்ட்டையும் அவ்வாறே சரிபார்க்கலாம்.

3. நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயம் கலக்காத பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயத்தை நம்பிச் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடம் தேயக்கூடும். எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமான வளையம் பொருத்திக்கொள்வது நல்லது.

4. 2025-ஆம் ஆண்டுக்குள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் பழைய இரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். அதற்குத் தாங்கும் குழாய்களை மாற்ற வேண்டும். பெட்ரோல் கசிவு தீவிபத்திற்கு வாயில்.

5. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிச்சட்டம் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். காற்றோட்டமுள்ள கொட்டகையும் பருத்தித் துணியுமே நல்லவை.

உதிரிப் பாகங்களுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். புதுப்பேட்டைக் கடைகளில் தேடினால் பழைய பாகங்கள் சில கிடைக்கும். ஸ்பிட்பயரை விரும்புவோர் ஏராளமாக இருப்பதால் அதன் பாகங்கள் பல இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. அவற்றுள் பல ஹெரால்டுக்கும் பொருந்தும். ஆனால் கை தேர்ந்த மெக்கானிக்குகள்தாம் அரிதாகி வருகின்றனர். அவர்கள் கற்றதை இளையோர் கேட்டு எழுதி வைக்காவிடில் பாகம் கிடைத்தும் பயனில்லை.

ஓட்டும் முறை

ஹெரால்டு, ஸ்பிட்பயர் ஆகியவற்றின் பின் சக்கரங்கள் ஊஞ்சல் போல் தனித்தனியே ஏறி இறங்கும். மேடு பள்ளச் சாலையில் இது சுகம். ஆனால் வளைவில் வேகமாகச் சென்று, பயந்துபோய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ, வண்டியின் பின்புறம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடியும். தரையைப் பற்றும் பிடி போய் வண்டி சுழன்றுவிடும். எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவில் சீராக மிதித்துச் செல்வதே முறை.

இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. அக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றில் காற்றுப் பையோ, பாதுகாப்புப் பட்டையோ இல்லை. நம் சாலைகளிலோ கனரக லாரிகள் ஓயாமல் செல்கின்றன. 16 டன் லாரியும் 800 கிலோ காரும் ஒவ்வொன்றும் 40 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி கணக்கிட்டால், மோதியபின் இரண்டும் லாரி சென்ற திசையில் சுமார் 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். லாரியின் வேகம் 4 கிலோமீட்டர் மட்டுமே குறைகிறது. காரில் இருப்பவருக்கோ ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் 76 கிலோமீட்டர் மாற்றம்! எந்த எடைக் குறைவு இன்பம் தந்ததோ அதுவே இங்கு ஆபத்தாகிறது. பட்டை இல்லாத வண்டியில் தகுந்த பாதுகாப்புப் பட்டையைப் பொருத்துவதும், போக்குவரத்து மிகுந்த நேரத்தைத் தவிர்ப்பதும், இரவில் நெடுஞ்சாலையை நாடாதிருப்பதும் அறிவுடைமை.

சட்டம் சொல்வது

ஐம்பது ஆண்டு கடந்து, பெரிதும் மாற்றப்படாமல் அசல் வடிவில் உள்ள கார்களைப் பழம்பெரும் ஊர்திகளாகப் பதிவு செய்யும் விதிகளை மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு வெளியிட்டது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிவானவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றிற்காகவே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்திற்கு அன்று. மேலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. ஹெரால்டின் கூரையை வெட்டி ஸ்பிட்பயர் ஆக்கிவிடலாம் என்று எண்ணுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். அப்படி வெட்டினால் அரிய கார் ஒன்று குறைந்துபோகும் என்பது வேறு.

வேகத்திற்கு உரிய இடம்

வேகம் வேண்டுவோருக்குப் பொதுச்சாலை இடமன்று. செங்குன்றத்திற்கு அப்பால் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. ஹெரால்டுகளும் அங்கே ஓடின. 1990-ஆம் ஆண்டு, பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800-இன் எஞ்சினை வைத்து எடை குறைந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். குறைந்த செலவில் இளைஞர் பலர் பந்தயம் பழக அவை வழி செய்தன. அவற்றில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டு பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 796 சி.சி. எஞ்சின் ஒன்று உலக அரங்கிற்கு ஏணியாயிற்று.

முடிவுரை

அன்புத் தோழியரே! கார் ஓட்டும் உரிமம் பெற நமக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன. ஸ்பிட்பயர் வாங்கும் நாள் நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்குமோ! ஆனால் ஸ்பானர் பிடிக்கவும், பிளக் துடைக்கவும், டயரில் காற்றைப் பார்க்கவும் உரிமம் தேவையில்லை. "பெண்களுக்கு எதற்கு இந்த எண்ணெய்க் கறை?" என்று கேட்போர் உண்டு. நடுவழியில் நின்ற வண்டி, பானெட்டைத் திறப்பவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. நம் தாத்தா, மாமா, பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் ஆகியோர் வண்டியைத் திறக்கும்போது நாமும் அருகில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்வோம். நாளை நம் வீட்டில் எந்த வண்டி நின்றாலும், அது சிறியதோ பெரியதோ, அதை நம்பி ஏறுபவர்களின் உயிர் அந்த அறிவால் காக்கப்படும்.