தீர்த்தக்கரையில் பிள்ளையைப் பார்ப்பது யார்?

ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் தீர்த்தக்குளத்தைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. உற்சவத்தின் நிறைவு நாள் அது. தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்து குளத்தில் முழுகுவார்கள். தனியாக வருபவர்கள் குறைவு; கைக்குழந்தை முதல் அம்மம்மா வரை குடும்பமாகவே வருவார்கள். முழுகுபவர் மூக்கைப் பிடித்துக் கண்ணை மூடி நீருக்குள் போகிறார். கரையில் இருப்பவர் உடுப்புப் பையையும் செருப்பையும் பார்க்கிறார். இன்னொருவர் சுவாமி வரும் திசையில் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார். படியில் நிற்கும் நாலு வயதுப் பிள்ளையை அந்தக் கணத்தில் பார்ப்பது யார்?

“எல்லாரும் இங்கதானே நிண்டம்” என்பதுதான் நீர் விபத்துகளுக்குப் பின்னால் திரும்பத் திரும்பக் கேட்கும் வார்த்தை. அது பொய்யும் அல்ல. எல்லாரும் நின்றதுதான் சிக்கலே. 1968இல் ஜோன் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். தனி அறையில் இருந்த மாணவருக்கு, வேறோர் அறையில் ஒருவர் வலிப்பு வந்து தவிக்கும் குரல் ஹெட்போனில் கேட்கும். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நம்பியவர்களில் 85 வீதமானோர் அந்தக் குரல் அடங்கு முன்பே உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி எழுந்தோர் 31 வீதம் மட்டுமே. அவர்கள் ஈரமற்ற மனிதர்கள் அல்லர். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் கூட்டத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

மட்டக்களப்பில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேரும் வழமை உள்ள ஊர் இது. அம்மா, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். பிள்ளை வளர்ப்புக்கு இதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை. ஆனால் அந்தப் பலமே தண்ணீர்க்கரையில் இடைவெளியாகிவிடுகிறது. அம்மா பெரியம்மாவை நம்புகிறாள், பெரியம்மா மாமாவை நம்புகிறாள், மாமா அம்மாவை நம்புகிறார்.

பிள்ளை கத்தினால் கேட்கும் என்று நினைப்பது இதைவிட ஆபத்தானது. நியூயோர்க் கடற்கரை ஒன்றில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, நீரில் தத்தளிப்பவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். உண்மையில் மூழ்குகிறவரால் கையை உயர்த்தி ஆட்ட முடியாது. கைகள் தானாகப் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அமுக்குகின்றன. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் சொற்ப நேரம் மூச்செடுக்கவே போதாது, கூப்பிட எங்கே நேரம்? இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிக்குள் முடிந்துவிடும் என்றார் அவர். போனில் ஒரு படத்தை எடுத்து யாருக்காவது அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்கும் பிள்ளை விளையாடுவது போலவே தெரியும்.

ஆகவே, தண்ணீர்க்கரையில் கால் வைக்கு முன்பே பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும். “அக்கா, நான் முழுகப் போறன், தம்பி உங்களுக்கிட்ட” என்று சொல்லுங்கள். “சரி, நான் பாக்கிறன்” என்ற பதில் காதில் விழுந்த பிறகே நகருங்கள். தலையாட்டல் போதாது. பொறுப்பேற்றவர் கையில் போனும் வேண்டாம், பையும் வேண்டாம். கதைக்கு ஆள் வந்தாலும் முகத்தைத் திருப்ப வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது நல்லது, கண் களைத்துப்போகும். பத்து வயது அக்காவிடம் மூன்று வயதுத் தம்பியை ஒப்படைப்பது மட்டும் கூடவே கூடாது. அவளும் பிள்ளைதான், ஏதும் நடந்தால் அவள் ஆயுள் முழுக்கச் சுமப்பாள்.

2021இல் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அவர்களில் ஏறக்குறைய கால்பங்கினர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். பங்களாதேஷில் இதை ஊன்றிக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. அங்கே சிறுபிள்ளைகள் பெரும்பாலும் தாய் சமையலிலும் வீட்டுவேலையிலும் மூழ்கியிருக்கும் முற்பகலில்தான் வீட்டருகே உள்ள குளங்களில் விழுந்தார்கள். காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை ஊர்ப் பெண் ஒருவர் பொறுப்பில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பராமரிப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. அங்கே சேர்ந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 80 வீதத்துக்கும் மேல் குறைந்தது. தாயைக் குறை சொல்லி இந்த மாற்றம் வரவில்லை. அவள் வேலையாக இருக்கும் நேரத்துக்கு இன்னொரு பொறுப்பான ஆள் கிடைத்ததால் வந்தது.

அமிர்தகழியில் ஆபத்து தீர்த்த நாளோடு முடிவதில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவி பக்கத்திலேயே கிடக்கிறது. மாரியில் வெள்ளம் ஏறி, பாலமீன்மட்டுப் பக்கம் முகத்துவாரம் வெட்டுப்பட்டதும் நீர் கடலை நோக்கி இழுக்கும். ஆடியில் முழங்காலளவு நின்ற இடத்தை மார்கழியில் நம்ப முடியாது. கட்டில்லாத வளவுக் கிணறும் மூடாத தண்ணீர்த் தொட்டியும் வருடம் முழுக்கவே காத்திருக்கின்றன.

பிள்ளையை நீரிலிருந்து எடுத்தால் தலைகீழாகப் பிடித்துச் சுற்றவோ வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவோ வேண்டாம். அதனால் மூச்சுக் கொடுக்கும் நேரம்தான் வீணாகும், வாந்தி நுரையீரலுக்குள் போகவும் கூடும். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பிறகு நெஞ்சை 30 தடவை அழுத்தி 2 மூச்சு என்று விடாமல் தொடருங்கள். இன்னொருவர் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடட்டும், அது இலவசம்.

ஐ.நா. பொதுச்சபை 2021இல் ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினமாக அறிவித்தது. 2025இல் ஆடி அமாவாசை அதற்கு முந்தின நாளே வந்தது. ஆலய பரிபாலனத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: தீர்த்தமாட வருமாறு ஒலிபெருக்கியில் அழைக்கும்போதே, ‘முழுகு முன் உங்கள் பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்’ என்றும் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்லுங்கள்.